பாத்திரக் கணக்கு

மலேசியாவின் தஞ்சோங் மாலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு கல்யாணம் என்றால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர் கோயில் தலைவரைப் போய்ப் பார்த்துவிடுவார். வெற்றிலை பாக்கு வைத்துத் தேதியைச் சொல்வது மரியாதை. பாத்திரத்துக்குச் சொல்லிவைப்பது தேவை. அதே வாரத்தில் இன்னொரு வீட்டில் விசேஷம் வந்து பெரிய அண்டா இரண்டும் அங்கே போய்விட்டால், ஐந்நூறு பேருக்கு எதில் சோறு வடிப்பது?

மாரியம்மன் கோயிலை ஒட்டிய சாமான் அறையில் அந்த அண்டாக்கள் இருக்கும். கூடவே குழம்புக் குண்டான், தவலை, ஆள் உயரக் கரண்டி, சாரணி, தாம்பாளம், குத்துவிளக்கு, ஜமக்காளம், மடக்கு நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு. பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பில் உபயம் செய்தவரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கங்காணி பெயர் இருக்கும், கிராணி பெயர் இருக்கும், பால்வெட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போட்ட பெயரும் இருக்கும். பெயர் யாருடையதானாலும் பாத்திரம் தோட்டத்துக்குச் சொந்தம். வாடகை கிடையாது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் கோயில் சந்தாவே அதற்கான பாத்தியதை.

அறைச் சாவியோடு ஒரு நோட்டும் இருக்கும். எடுத்தவர் பெயர், லயன் வீட்டு எண், சாமான்களின் வகையும் எண்ணிக்கையும், எடுத்த நாள், கொடுத்த நாள். கடைசிக் கட்டத்தில் குறிப்பு: கரண்டி ஒன்று குறைவு, மூடி நசுங்கல், ஈயம் பூச வேண்டும். பாத்திரத்தைக் கரி போகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். அடிப்பக்கத்தில் கரி ஒட்டியிருந்தால் சாவி வைத்திருப்பவர் வாங்கமாட்டார். கரண்டி தொலைந்தால் புதிதாக வாங்கி வைக்க வேண்டும், அல்லது அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆவணமாக எங்கும் அச்சேறாத இந்த நோட்டுப் புத்தகங்களை நான் முக்கியமானவையாகக் கருதுகிறேன். நூலகம் புத்தகத்தோடு செய்கிற அத்தனையும் அதில் இருக்கிறது: பொதுச் சொத்து, உறுப்பினர், இரவல் பதிவு, கெடு, சேதத்துக்குப் பொறுப்பு, பழுது பார்த்தல். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட ஒரு தலைமுறை இதை நடத்தியது.

அதைப் பொற்காலமாகப் பாடுவதற்கில்லை. கோயில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தால் பாத்திரமும் ஒரு தரப்பின் பூட்டுக்குள் போய்விடும். சந்தா கட்டாதவர், தலைவரோடு மனத்தாங்கல் உள்ளவர், சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர் வீட்டுக்கு அறை திறக்கத் தாமதமாகும். தோட்டத்தில் இருந்த கிறிஸ்தவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும். பொதுவானது என்று பெயர் இருந்தாலும், யாருக்குப் பொது என்பதை ஒருவர் கையிலிருந்த சாவி தீர்மானித்தது.

பிறகு தோட்டங்களே கரைந்தன. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். சந்தா போட்டுப் பொதுவில் அண்டா வாங்கிய அதே பழக்கம்தான் அங்கே நிலம் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களை. மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்றானது, மிச்சமிருந்த நிலத்தில் வீடமைப்பும் தொழிற்சாலையும் எழுந்தன. தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் திறந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமானது. 2003இல் புரோட்டோன் கார் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2016இல் இந்த ஊரை உள்ளடக்கிய முவாலிம் தனி மாவட்டமானது. கத்தோயாங், குளூனி என்ற தோட்டப் பெயர்களை இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமக்கின்றன. அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள்.

தாமானில் சாமான் அறை கிடையாது. கல்யாணத்துக்குக் கெனோப்பியும் நாற்காலியும் வாடகைக்கு வருகின்றன, சாப்பாடு கேட்டரிங்கில் வருகிறது. வசதி உள்ளவருக்கு இது இலகுவாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் சின்னச் சின்னத் தேவைகளில்தான். சுவரில் இரண்டு துளை போட ஒரு டிரில், கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்க்க ஒரு ஏணி, மருத்துவமனையிலிருந்து திரும்பிய அம்மாவுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு சக்கர நாற்காலி, பிள்ளையின் கண்காட்சிக்கு ஒரு பெரிய திரை. ஒன்று, முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் கஷ்டம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று பாட்டிமார் சொல்லி வளர்த்த சமூகம் இது. இரவல் வாங்குவது இல்லாமையின் அடையாளம். ஒருமுறை வாங்கினால் அடுத்தமுறை அவர்கள் கேட்கும்போது மறுக்க முடியாது, திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பையோடு போக முடியாது, சின்னக் கீறல் விழுந்தால்கூடப் பல வருட உறவு கசந்துவிடும். அதனால் பலரும் கேட்பதில்லை. தேவையையே சுருக்கிக்கொள்கிறார்கள். ஒழுகும் இடம் ஒழுகிக்கொண்டே இருக்கும், அம்மா வீட்டுக்குள்ளேயே கிடப்பார்.

ஆனால் ஒரு நூலகத்தில் போய்ப் புத்தகம் இரவல் வாங்குகிறவர் யாரும் கூசுவதில்லை. மருத்துவரும் அங்கே உறுப்பினர், துப்புரவுத் தொழிலாளியும் உறுப்பினர். கவுண்டரில் நிற்கும்போது இருவரும் செய்வது ஒரே காரியம். இரவல் என்ற செயலிலிருந்து கூச்சத்தை முழுமையாக அகற்றிக் காட்டிய பொது நிறுவனம், எனக்குத் தெரிந்தவரை, நூலகம் ஒன்றுதான். இலவச வினியோகத்தில் கூச்சம் உண்டு, நன்கொடையில் உண்டு, தேர்தல் நேரத்துப் பரிசுப் பையில் உண்டு. நூலகத்தில் இல்லை. நூலகம் புத்தகம் அல்லாத பொருள்களையும் இரவல் தர வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு முதற்காரணம் இதுதான். பணம் மிச்சமாவதும் குப்பை குறைவதும் நல்லவையே, அவை பிறகு வருபவை.

உலகில் இது புதிய செய்தியல்ல. 1935இல், பெருமந்தக் காலத்தின் நடுவில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் பொம்மைகளை இரவல் தரத் தொடங்கியது. விளையாட்டு வண்டி செய்வதற்காகச் சிறுவர்கள் கடையிலிருந்து பொருள் திருடியதை ஒரு கடைக்காரர் கவனித்ததிலிருந்து அந்தத் திட்டம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. சிறுவர்களைத் தண்டிக்க வழி தேடாமல், பொம்மைகளைப் புத்தகம் போல எடுத்துப் போகவும் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தார்கள். சொன்ன நாளில், நல்ல நிலையில் தொடர்ந்து திருப்பித் தரும் குழந்தைக்குப் பொம்மை ஒன்று பரிசாகவே கிடைக்கும். 1943இல், போர்க்காலத்தில், மிச்சிகன் மாநிலத்தின் கிரோஸ் பாயின்ட் நூலகம் உள்ளூர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு தச்சுக் கருவிகளை இரவல் தந்தது.

இவற்றில் நாம் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடியது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். 1979 ஜனவரியில், அரசின் நகர்ப்புற வளர்ச்சி மானியமான 30,000 டாலரைக் கொண்டு, நகரின் தென்பகுதிக் கிளை நூலகத்தில் கருவி இரவல் பிரிவு தொடங்கியது. கட்டடம்கூடக் கிடையாது. இழுத்துச் செல்லும் டிரெய்லர் ஒன்றில் சுமார் 500 கருவிகள், ஓர் ஊழியர். ஏன் தென்பகுதி? பழைய வீடுகளும் குறைந்த வருமானமும் உள்ள பகுதி அது. வீட்டைப் பழுது பார்க்க ஆசை இருந்தும் கருவி வாங்க வழியில்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். கருவி நகரவாசிக்கும் நகரில் சொத்து உள்ளவருக்கும்தான், பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், பயன்படுத்தும்போது ஏற்படும் ஆபத்துக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்துக்கு வாரக்கணக்கில் தவணை என்றால் கருவிக்கு நாள்கணக்கு. தாமதக் கட்டணமும் புத்தகத்தைவிடக் கூடுதல், ஏனென்றால் வார இறுதியில் ஏணிக்காக இன்னொருவர் காத்திருப்பார். மானியம் நின்ற பிறகு நகரின் நூலக வரியே அதைத் தாங்கியது. கவுண்டருக்கு அப்பால் நிற்கிறவர் கருவியைப் பற்றி அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் ஆரம்பம் முதல் உறுதியாக இருந்தார்கள். வருகிறவர் பெரும்பாலும் கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. தன் வீட்டுக் குழாய் எப்படி ஒழுகுகிறது என்று கையைக் காட்டி விளக்குவார். அதற்கு எந்தத் திருப்பான் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்த இடத்துக்கு நூலகர்.

அதற்குப் பிறகு பட்டியல் நீண்டது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரத்து நூலகத்தில் 2010இல் விதை இரவல் தொடங்கியது: விதையை எடுத்துப் போய் விதைத்து, விளைச்சலில் கொஞ்சம் விதையைத் திருப்பித் தர வேண்டும். நம் கிராமத்து விதை மாற்று முறைதான் அது. அதே யோசனை 2014இல் பென்சில்வேனியாவின் மெக்கானிக்ஸ்பர்க் நூலகத்தில் சட்டச் சிக்கலில் மாட்டியது. தரச் சோதனை செய்யாத விதையை வினியோகிப்பது மாநில விதைச் சட்டத்துக்கு முரண் என்று வேளாண் துறை எழுதியது. நியூயார்க் பொது நூலகம் இணைய இணைப்பில்லாத வீடுகளுக்கு 10,000 கையடக்க இணையக் கருவிகளை இரவல் தந்தது. அதன் ரிவர்சைடு கிளை 2018இல் வேலை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு டையும் கைப்பையும் பிரீஃப்கேசும் தரத் தொடங்கியது. பிலடெல்பியாவில் இசைக்கருவி. பின்லாந்தின் நூலகங்களில் விளையாட்டுச் சாமானும் மின்சார அளவியும்.

இதைச் சொன்னவுடன் நூலகத்தை நேசிக்கிறவர்களிடமிருந்தே ஒரு ஆட்சேபம் வரும். புத்தகம் வாங்கவே காசில்லாதபோது சுத்தியல் எதற்கு? நூலகத்தை இரும்புக் கடையாக்குவதா? நியாயமான கவலைதான். ஆனால் நூலகம் எதற்காக என்பதை நம்மில் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகத்தின் மதிப்பு அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்பதைச் சுற்றியது. அலமாரியோடு சங்கிலியால் பூட்டி வைக்கப்பட்ட ஐரோப்பிய இடைக்காலப் புத்தகங்களிலிருந்து அவர் அந்த வாதத்தைத் தொடங்குகிறார். ஐந்தாவது விதி நூலகத்தை வளர்ந்துகொண்டே போகும் உயிராகப் பார்க்கிறது. அதே 1931 அக்டோபர் 21இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடக்கிவைத்தார். வாசகன் நூலகத்துக்கு வரமுடியாவிட்டால் நூலகம் வாசகனிடம் போகட்டும் என்ற எண்ணம்தான் அந்த வண்டியை ஓட்டியது. வாசகனின் வாழ்க்கையில் பயன்படுவது என்பதை அளவுகோலாக வைத்த ஒருவரின் வழியில் வந்தவர்கள், சுத்தியலைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

மலேசியாவுக்கும் இது அந்நியமில்லை. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், புத்தகத்தோடு வரைபடம், சுவரொட்டி, திரைப்படம், ஒலி, ஒளிப் பதிவுகள் எல்லாவற்றையும் நூலகப் பொருளாகவே எண்ணுகிறது. காகிதத்துக்கு வெளியே போவதற்கு அன்றே கதவு திறந்தாகிவிட்டது. பள்ளிகளைப் பார்த்தால் வழக்கம் இன்னும் பழையது. 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டியையும் பிறகு வந்த ஒளிநாடாக் கருவியையும் பள்ளிகள் நூலகத்தின் பொறுப்பில்தான் வைத்தன. பள்ளி நூலகம் வள மையமானது அந்த வழியில்தான். 1980களில் அமைந்த ஆசிரியர் நடவடிக்கை மையங்கள், சிறிய பள்ளிகள் தனியாக வாங்க முடியாத கற்பித்தல் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அது சின்ன உதவியல்ல.

கோவிட் காலம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, வகுப்புகள் வீட்டுக்கு மாறியபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி இருந்த வீடுகள் தாமானிலும் தோட்டத்திலும் நிறைய. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அரசு சார்ந்த நிறுவனங்களின் 15 கோடி ரிங்கிட்டில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. கணினிகள் இரவலாகவே தரப்பட்டன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அரசாங்கம் நாடளவில் செய்து பார்த்த ஒரு பொருள் இரவல் திட்டம் அது. பள்ளி நேரத்துக்குள் மட்டும் இயங்குகிற பள்ளி அலுவலகத்துக்கு இந்தப் பதிவும் பராமரிப்பும் கூடுதல் சுமை. இரவலையே தொழிலாகக் கொண்ட நூலகம் அந்தச் சங்கிலியில் இருந்திருந்தால், விடுமுறையிலும் மாலையிலும், பள்ளி முடித்த இளைஞருக்கும்கூட அந்தக் கணினி பயன்பட்டிருக்கும்.

சரி, தஞ்சோங் மாலிமில் என்ன இரவல் தரலாம்? பெர்க்லியின் பட்டியலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பாதி தூசி படியும். இங்கே யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான் வைப்பது சக்கர நாற்காலி, நடைச் சட்டகம், ஊன்றுகோல், குளியலறை நாற்காலி. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த எண்ணின் பொருள் தாமான் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்: ஆறாத கால்புண், விரல் எடுத்தது, பிறகு பாதம் எடுத்தது, பக்கவாதம். இவர்களில் பலருக்குச் சக்கர நாற்காலி சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோதான் தேவைப்படும். காயம் ஆறும்வரை, செயற்கைக் கால் பொருத்தும்வரை, அல்லது கடைசிக் காலம்வரை. இப்போது அது எப்படிக் கிடைக்கிறது? அரசியல் கட்சியின் சேவை மையத்தில் மனு கொடுக்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள், அறக்கட்டளை ஒன்றைத் தேடிப் போகிறார்கள். கொடுக்கும்போது புகைப்படம் எடுக்கப்படுகிறது. நாற்காலியின் முதுகில் கொடுத்தவரின் பெயர் ஒட்டப்படுகிறது. உதவுகிறவர்களின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காலை இழந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, நடமாடுவதற்காகக் கேமராவின் முன்னே உட்கார வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு அந்த நாற்காலி தேவை தீர்ந்ததும் திரும்பிப் போவதுமில்லை. அன்பளிப்பாக வந்ததை யாரிடம் திருப்புவது? கொல்லைப்புறத்தில் மழையில் துருப்பிடிக்கிறது. இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் மனு எழுதிக்கொண்டிருப்பார். பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் பல காலம் சக்கர நாற்காலியைக் குறுகிய கால இரவலாகத் தந்துவந்தது. அதே காரியத்தை நூலக அட்டையைக் காட்டி, புகைப்படம் இல்லாமல், திருப்பித் தரும் தேதியோடு செய்யலாம்.

இரண்டாவது கூட்டம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து ஆசிரியராகப் போகிறவர்கள் உண்டு. பயிற்றுப்பணிக்குப் பள்ளிக்குப் போகும் மாணவி தன் செலவில் அட்டையும் பசையும் பிளாஸ்டிக் எழுத்துகளும் வாங்கிப் பயிற்றுத்துணைப் பொருள் செய்கிறார். பயிற்சி முடிந்ததும் அது வாடகை அறையின் மூலையிலோ குப்பையிலோ முடிகிறது. அடுத்த ஆண்டு வருகிறவர் அதையே மறுபடி செய்கிறார். நன்றாகச் செய்த ஓர் உயிர்மெய் எழுத்துப் பெட்டியோ பின்னம் கற்பிக்கும் மரத்துண்டுகளோ பட்டியலிடப்பட்டு நூலகத்தில் இருந்தால், பத்துப் பள்ளிகள் சுற்றிப் பயன்படுத்தும், ஒவ்வொரு சுற்றிலும் மேம்படும். பல்கலைக்கழகத்தின் துவாங்கு பைனுன் நூலகமும் ஊர்ப் பொது நூலகமும் கைகோக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இந்தக் கல்லூரியின் பழைய வரலாற்றிலும் ஒரு பொருத்தம் உண்டு. காலனியக் கல்வி அதிகாரி வின்ஸ்டெட்டின் 1917 அறிக்கையைத் தொடர்ந்து, கூடை முடைதலும் தோட்டவேலையும் இங்கே பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. மலாய்ப் பிள்ளைகளை வயலைத் தாண்டிப் போகவிடாத காலனிய நோக்கம் அதில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நோக்கத்தை வெறுத்த வேகத்தில் கைவேலையையே படிப்புக்கு வெளியே தள்ளிவிட்டோம். புத்தகமும் கருவியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் இழிவு ஏதுமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிரில், ஏணி, சங்கோல் எனப்படும் மண்வெட்டி, புல்வெட்டும் மெஷின், தையல் இயந்திரம். இசை கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு மிருதங்கம் அல்லது ஆர்மோனியம், ஏனென்றால் பிள்ளை மூன்று மாதத்தில் விட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் பெற்றோர் பலர் தொடங்குவதே இல்லை. கல்யாண அண்டாவை நான் சேர்க்கமாட்டேன். அதற்கு இப்போது வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் நம் தாமான்காரர்கள், கெனோப்பித் தொழிலில் குடும்பம் நடத்துகிறவர்கள். சந்தை ஒழுங்காகக் கொடுப்பதை நூலகம் பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை. எவருக்கும் லாபம் தராததால் எவரும் வாடகைக்கு வைக்காத பொருள்தான் நூலகத்தின் இடம்.

இனிக் கஷ்டங்கள். ஒரு புத்தகம் திரும்பி வந்தால் நூலகர் அட்டையைப் பார்த்து, பக்கங்களைப் புரட்டி, அலமாரியில் வைத்துவிடலாம். டிரில் திரும்பி வந்தால் அதன் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே ஐந்து துளைமுனைகள் இருந்தனவா, நான்கா? முனையைப் பூட்டும் சாவி எங்கே? மின்கம்பி உரிந்திருக்கிறதா? சிமெண்டுத் தூள் மோட்டார் காற்றுத் துளையில் அடைத்திருக்கிறதா? ஓட்டிப் பார்த்தால் சத்தம் மாறியிருக்கிறதா? இவ்வளவுக்கும் பழகிய கைக்கு ஐந்து நிமிடம், பழகாதவருக்கு அரைமணி. மின்கருவியால் யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பின்னால் நிற்கும். இதனால்தான் பல ஊர்களில் உற்சாகமாகத் தொடங்கிய பொருள் அலமாரி இரண்டாம் ஆண்டில் பாதி உடைந்த சாமான்களின் கிடங்காகிறது. பொருள் வாங்க நன்கொடை கிடைக்கும், ரிப்பன் வெட்ட ஆள் கிடைப்பார். துளைமுனை எண்ணுகிற வேலைக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

கோயில் சாமான் அறை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், சாவி வைத்திருந்தவருக்கு ஈயப் பூச்சைப் பற்றித் தெரிந்திருந்ததுதான். அதே போன்ற ஆள் இப்போதும் இருக்கிறார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோட்டத்து ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர், மருத்துவமனையில் பணியாற்றிய உதவியாளர். இவர்களை வாரத்தில் இரண்டு மாலைகள் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும், தொண்டுக்கு அல்ல. தொண்டூழியம் பண்டிகைக் காலத்தில் காணாமல் போகும், அப்போதுதான் ஏணி அதிகம் தேவைப்படும். பொருள் வாங்கும் பணத்தில் பாதிக்குக் குறையாமல் பராமரிப்புக்கு ஒதுக்காமல் இதைத் தொடங்கவே கூடாது என்பது என் எண்ணம். மின்கருவி அல்லாதவற்றை முதலில் தரலாம்: சக்கர நாற்காலி, எழுத்துப் பெட்டி, சங்கோல், ஏணி. முதலாண்டு நோட்டைப் பார்த்து, எது அடிக்கடி போகிறது, எது உடைந்து வருகிறது என்று தெரிந்தபின் டிரிலுக்குப் போகலாம்.

முன்பணம் வாங்கலாமா? வாங்கினால் பொருள் பத்திரமாக வரும், ஆனால் ஐம்பது வெள்ளி முன்பணம் கட்ட முடியாதவருக்காகத்தானே இந்த ஏற்பாடு? முன்பணம் வேண்டாம், அடையாள அட்டையும் கையெழுத்தும் போதும். சில பொருள் தொலையும். புத்தகமும் தொலைகிறது, அதற்காக நூலகத்தை மூடுவதில்லை.

இன்னொரு சிக்கல் இந்த ஊருக்கே உரியது. பெர்னாம் ஆற்றுக்கு வடக்கே பேராக், தெற்கே சிலாங்கூர். அக்கரையில் உலு பெர்னாமிலும் கலும்பாங்கிலும் இருப்பவர்கள் பலரும் சந்தைக்கும் ரயிலுக்கும் தஞ்சோங் மாலிமுக்குத்தான் வருகிறார்கள். பொது நூலகங்கள் மாநிலக் கழகங்களின் பொறுப்பு. ஒரு மாநிலத்தின் சொத்தாகப் பதிவான சக்கர நாற்காலி பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலத்து வீட்டில் ஆறு வாரம் இருந்தால் கணக்காய்வில் கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பயந்து கவுண்டரில் இருப்பவர் முதல் நாளே மறுத்துவிடுவார். புத்தகத்துக்கு இப்படி ஒரு மறுப்பு வந்தால் வாசகர் வேறு புத்தகம் படிப்பார். கால் இல்லாதவருக்கு வேறு வழியில்லை. ஆகவே இரு மாநில நூலகக் கழகங்களும் எல்லையோர ஊர்களுக்கென்று ஓர் உடன்பாடு எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தக் கரையின் அடையாள அட்டையும் செல்லும், தொலைந்தால் இழப்பை எந்தக் கழகம் ஏற்கும், பழுதுச் செலவை எப்படிப் பங்கிடுவது. முதல் நாற்காலியை வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளில் இரண்டு கையெழுத்தும் விழுந்திருக்க வேண்டும்.